தட்டிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

என் வீட்டுக்காரர் மதியழகன் பழைய சாமான் வாங்கப் போனால் பொருளைப் பார்க்க மாட்டார், விற்கிற ஆளைத்தான் பார்ப்பார். அந்த ஆள் நல்லபடியாகச் சிரித்து, "அண்ணே, உங்களுக்காகவே எடுத்து வெச்சிருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், துருப்பிடித்த தகரம்கூட இவர் கண்ணுக்குப் பித்தளையாகத் தெரியும். இருபது வருஷக் குடித்தனத்தில் அப்படி வந்து சேர்ந்த எதுவும் மூன்று மாதத்துக்கு மேல் உருப்படியாக ஓடியதில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் வந்தது; அதற்குள் வைத்த பால், வெளியே வைத்த பாலுக்கு முன்னால் திரிந்தது. ஒரு இன்வெர்ட்டர் வந்தது. கரண்டு இருக்கும்போது மட்டும் நன்றாக வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு எருமை வந்தது. ஆறு மாதச் சினை என்று சொல்லித் தலையில் கட்டியிருந்தார்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாகப் போட்டு ஒன்பது மாதம் வளர்த்தோம். அது சினையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கொழுப்பு.

இந்த எருமைக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. தினமும் காலையில் இவர் எருமையின் வயிற்றில் காதை வைத்து, "கன்னு அசையுது கயலு" என்று சொன்னதை நடித்தே காட்டுவேன். பந்தியே சிரிக்கும். இவரும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, "கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போவார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் வருவார். பாதிச் சாப்பாட்டில் எதற்குக் கை கழுவுகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிறுத்தவில்லை, ஏனென்றால் கதை அவ்வளவு நன்றாக இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன ஆடியில் ஒரு நாள் காலையில், இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இவர் தன் போனை என் முன்னால் நீட்டினார்.

"கயலு, ஒரு சைக்கிள் பாத்து வெச்சிருக்கேன். சேலத்துல, சூரமங்கலத்துல இருக்குது."

"பழசுங்களா?"

"பழசுதான்."

"சினையா இருக்குதுங்களா? கேட்டுக்கிட்டீங்களா?"

இவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டு வருஷமா அடுத்தவன் வண்டிய ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். "நானா மிதிச்சு, நானா ஒரு எடத்துக்குப் போகோணும்னு ஆசையா இருக்குது. அவ்ளோதான்."

இவருக்கு ராசிபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொடுக்கிற காரில் இவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் மட்டும் இருக்காது. சேலத்தில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியற்காலையில் சைக்கிள் மிதித்து ஏற்காடு ஏறுகிறதாம். அதில் ஒருவர் இவரிடம் கார் ஓட்டப் படித்தவர். அந்த ஆள்தான் ஆசையைக் கிளப்பிவிட்டிருக்கிறார்.

இது இரும்புச் சைக்கிள் இல்லை, கார்பன் என்றார். நூலைப் பின்னிப் பசையில் ஊறவைத்து இறுக்கின மாதிரி ஒரு சாமான். ஒரே கையால் தூக்கிவிடலாம். ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. இரும்பு அடிபட்டால் நசுங்கும், வளையும், நம் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடிபட்டால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கீறல் விட்டிருக்கும். என்றைக்கோ ஒரு நாள், வேகமாக இறங்குகிற நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டாகப் போகும். ஏற்காட்டு வளைவில் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

"உள்ள கீறல் இருக்குதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"காசால தட்டிப் பாக்கோணுமாம். நல்ல எடம் டக்கு டக்குன்னு கேக்கும். கீறல் விட்ட எடம் மொத்துன்னு கேக்கும். எனக்கு அதெல்லாம் புடிபடாது கயலு. அதான்..." இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்ற காது வேணும்."

என் காதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் புதுச்சத்திரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற ஷெட்டுக்கு மேற்பார்வை. இரண்டு கையிலும் இரண்டிரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று லேசாகத் தட்டினால், எதில் கீறல் என்று காது சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறலாக இருந்தாலும் சொல்லிவிடும். நல்ல முட்டை லாரி ஏறும், கீறல் முட்டை பேக்கரிக்குப் போகும். பதினாறு வருஷத்தில் நான் ஒதுக்கிய முட்டையை யாரும் திரும்ப எடுத்து நல்ல அட்டையில் வைத்ததில்லை. பண்ணை முதலாளி சென்னியப்பன் கவுண்டரே, "கயல்விழி தட்டியாச்சுன்னா அப்பீல் இல்லீங்க" என்பார். அதில் எனக்கு அசாத்தியத் தலைக்கனம்.

ஆக, இவர் கேட்டதும் குளிர்ந்துபோய்விட்டேன். அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டேன். அரிசி டப்பாவுக்குள் கிடந்த பழைய கனமான ஐந்து ரூபாய்க் காசைத் தேடி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பஸ்ஸில் போகும்போது இவர் ஒன்றே ஒன்று சொன்னார். "இதுலயும் ஏமாந்தா இனி நான் ஒரு சாமானும் வாங்க மாட்டேன் கயலு. உப்பு வாங்கறதா இருந்தாலும் நீயே வாங்கிக்க." விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மல்லூர் தாண்டும்வரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி ஒரு சந்தில் அந்த வீடு. விற்கிற பையன் பெயர் முபஷிர். முப்பது வயது இருக்கும். பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தபோது வாங்கிய சைக்கிளாம். இப்போது ஊரோடு வந்து, ஜங்ஷன் பக்கத்தில் அவன் அப்பா ரஹமத்துல்லா நடத்துகிற சூட்கேஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறான். மிதிக்க நேரமில்லை, தொப்பை விழுந்துவிட்டது என்று அவனே வயிற்றைத் தட்டிக் காட்டினான். நல்ல சிரிப்பு. எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சிரிப்பிலேயே பாதி விழுந்துவிட்டார் என்பதைப் பார்த்து, நான் காசை முடிச்சிலிருந்து அவிழ்த்தேன்.

நடையில் சுவரோரமாகச் சைக்கிள் நின்றது. கறுப்பு, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டில் மாட்டுகிற இடத்தில் மட்டும் திருகாணியைக் காணோம். அந்த ஓட்டையில் மண் அடைத்திருந்தது. விற்கிற பொருளை இன்னும் கொஞ்சம் சுத்தமாகக் கழுவக்கூடாதா என்று மனதுக்குள் அரை மார்க் குறைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்தாயிரம் சொன்னான். வாங்கிய விலையில் கால்வாசிதான் என்றான்.

"எங்கயாவது விழுந்திருக்குதுங்களா தம்பி?" என்று இவர் கேட்டார்.

"ஒருவாட்டி கூட இல்ல சார். கீழ சாய்ஞ்சதுகூட இல்ல."

அப்போதுதான் முபஷிரின் அம்மா வஹீதுன்னிசா இரண்டு தம்ளர் டீயோடு உள்ளேயிருந்து வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எங்களை உட்காரச் சொல்லி, டீயைக் கையில் கொடுத்துவிட்டு, வெகு நிதானமாகச் சொன்னார்.

"பொய் சொல்லாதடா. அது விழுந்த சைக்கிள்."

முபஷிருக்கு முகமே மாறிவிட்டது. "அம்மா! எப்ப விழுந்துச்சு?"

"ஏற்காட்டுல விழல?"

"ஏற்காட்டுக்கு இதுல நான் போனதே இல்லையேம்மா."

"அப்ப குரங்குச்சாவடியில. லாரி இடிச்சுச்சே."

"லாரி இடிச்சா நான் இப்ப இங்க நிப்பேனா?"

"சின்ன லாரி" என்றார் அந்த அம்மா.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பெற்ற தாயே விற்க வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்கிற பொருளை வாங்க வந்திருக்கிறோம் பாருங்கள் என்று என் கண் சொல்லியிருக்கும். இவர் டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

"பேச்செல்லாம் எதுக்குங்க?" என்றேன். "நான் தட்டிப் பாத்துக்கறேன்."

மேல் குழாயில் ஆரம்பித்தேன். டக், டக், டக். கோழி போட்டு ஐந்து நிமிஷம் ஆன முட்டை மாதிரி சுத்தமான சத்தம். பின் சக்கரத்துக்குப் போகிற இரண்டு மெல்லிய குழாயும் அப்படியே. இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் ஒவ்வொரு தட்டுத் தட்டும்போதும் அந்த அம்மா மட்டும், "மெதுவா கண்ணு, மெதுவா" என்று பதறிக்கொண்டே இருந்தார். விழுந்த சைக்கிளுக்கு இவ்வளவு பதற்றம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தலைக்கனம் காதை மட்டும்தான் திறந்துவைத்திருந்தது.

கீழே சாய்ந்து வருகிற பெரிய குழாய்க்கு வந்தேன். டக், டக், டக். பாட்டில் மாட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு சாண் வந்ததும், மொத்.

நகர்த்தித் தட்டினேன். மொத். இந்தப் பக்கம் வந்தேன், டக். மறுபடி அந்த இடம், மொத்.

"இங்க கீறல் இருக்குதுங்க" என்றேன்.

வஹீதுன்னிசா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தான் சொன்னது இப்படிப் பலித்துவிட்டதே என்று அவர் திகைத்தது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

"கயலு, இன்னொருக்கா தட்டு" என்றார் இவர்.

தட்டினேன்.

"இன்னும் ஒரே ஒருக்கா."

"எத்தனை தட்டுனாலும் அதேதானுங்க. முட்டைய நூறு தடவ தட்டுனா கீறல் ஒட்டிக்குமா?"

இவர் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவினார். எருமையின் வயிற்றைத் தடவினாரே, அதே தடவல். பிறகு நிமிர்ந்து, "செரி, போலாம்" என்றார். எப்போதும் ஏமாந்த பிறகு ஒரு சமாதானம் வைத்திருப்பார். ஃபிரிட்ஜை அலமாரியாக வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லுவார். இப்போது வெறும் "செரி, போலாம்". நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது எனக்குத் துளியும் நன்றாக இல்லை.

ஆனால் முபஷிர் எங்களைப் போகவிடவில்லை. "இருங்க சார்" என்றான். "எனக்கு நிசமாவே தெரியாது. ஆனா கீறல்னு தெரிஞ்சப்புறம் இத நான் யாருக்கும் விக்க முடியாது. எங்கத்தா கடையில ஜிப் சரியில்லாத பெட்டியக்கூட ஜிப் சரியில்லன்னு சொல்லித்தான் குடுப்பாரு. நாளைக்கு யாராவது தெரியாம இத எடுத்துட்டுப் போயி மலையில விழுந்தா அந்தப் பாவம் எனக்கு." விறுவிறுவென்று உள்ளே போனவன் ஒரு ரம்பத்தோடு வந்தான். "இப்பவே அறுத்துப் போட்டுர்றேன். வீட்ல இருந்தாத்தான ஆசை வரும்?"

"டேய், வேண்டாம்டா!" என்று அந்த அம்மா போய்ச் சைக்கிளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானம்மா விழுந்த சைக்கிள்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். விழவே இல்ல. அத அறுக்காத."

"தம்பி, பொறுங்க" என்று எங்கள் வீட்டுக்காரர் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முபஷிரின் மனைவி நிகத். முகம் வெளிறி, கையில் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்று என் கையைப் பிடித்தார். "மூணு மாசம் ஆகாம யாருகிட்டயும் சொல்லக் கூடாதில்ல? கல்யாணமாகி அஞ்சு வருசம் ஆகுதுங்க இவளுக்கு. போன மாசம் ஒரு குளவி இந்தச் சைக்கிள் ஓட்டையில மண்ணு கொண்டுவந்து வெச்சுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், யாருகிட்டயும் மூச்சு விடல. அடுத்த வாரமே இவளுக்குத் தலைசுத்தல். டாக்டரம்மா பாத்துட்டு ஆமான்னுட்டாங்க. இப்பப் போயி இவன் சைக்கிள விக்கிறேன்னு போட்டோ புடிச்சுப் போட்டிருக்கான். நீங்க எடுத்துட்டுப் போயிக் கழுவுனா அந்தக் கூடு என்னங்க ஆகும்?"

வீட்டில் குளவி கூடு கட்டினால் ஒரு பிள்ளை வரும், கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கமும் உண்டு. என் மாமியார் சுவிட்ச் போர்டில் கட்டிய குளவிக்காக மூன்று வாரம் லைட் போடாமல் இருந்தவர்.

முபஷிர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போன் வெளிச்சத்தை ஓட்டையில் அடித்தான். நான் கழுவாத அழுக்கு என்று மார்க் குறைத்தேனே, அந்த மண். வழவழவென்று பூசி மூடின மண். அந்த ஓட்டை வழியாகப் போய்க் குளவி குழாய்க்குள்ளே வீடு கட்டியிருக்கிறது. அதன் மேல்தான் நான் ஐந்து ரூபாய்க் காசால் அத்தனை தட்டுத் தட்டியிருக்கிறேன். மொத்தென்று கேட்டது அந்த மண்.

எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கயலு, சைக்கிள் சினையா இருக்குதான்னு கேட்டியே?" என்றார். "சினைதான்."

முதலில் நிகத் சிரித்தாள். அப்புறம் முபஷிர். அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவும் விஷயம் புரியாமலே சிரித்தார். அவருக்காக எருமைக் கதையை இவரே சொன்னார், காதை வைத்துக் கேட்டது உட்பட. நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "பொறக்கட்டுமுங்க, நாங்க காத்திருக்கோம். குஞ்சு பறந்தப்புறம் சொல்லுங்க, வாரோம்" என்றார். அதுவரை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்று முபஷிர் வாக்குக் கொடுத்தான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "மண்ணுக்கு அடியில கீறலும் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"இருக்காது."

"எப்படித் தெரியும்?"

"அந்தப் பையன் ரம்பத்த எடுத்துட்டு வந்தானே, பாக்கல நீ? அப்படிப்பட்டவன் விழுந்தத விழலன்னு சொல்ல மாட்டான்."

"மறுபடியும் ஆளத்தான் பாத்திருக்கீங்க. சாமானப் பாக்கல."

"ஆமா" என்றார்.

அடுத்து வந்த இருபத்திரண்டு நாளும் எங்கள் வீட்டில் குளவிப் பேச்சுதான். காலையில் டீ குடித்ததும் இவர் சூரமங்கலத்துக்குப் போன் போடுவார். "ஏனுங்கம்மா, ஏதாவது அசைவு தெரியுதுங்களா?" அந்த அம்மா விலாவாரியாகச் சொல்வார், இவர் விலாவாரியாகக் கேட்பார். அப்படியே நிகத்துக்கு வாந்தி நின்றதா, மாதுளம்பழம் சாப்பிடுகிறாளா என்பதும் விசாரித்து முடியும். பெற்ற மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளுக்கு இவ்வளவு போன் கிடையாது என்று நான் குத்திக் காட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு பயம். ஷெட்டில் முட்டை தட்டும்போதெல்லாம் அந்த மொத்தென்ற சத்தம் காதில் வந்து நின்றது. கீறல் இருந்துவிட்டால் என் காது ஜெயிக்கும், இவர் தோற்பார். உப்புக்கூட நீயே வாங்கிக்கொள் என்று சொன்ன மனுஷன், சொன்னபடியே செய்வார். இருபது வருஷமாக ஒரு பொருளை ஆசையாகப் பார்த்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற இந்த ஆள், அதற்கப்புறம் வெறும் கையோடு வந்து செருப்பைக் கழற்றுவார். என் காது தோற்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் அந்தப் பக்கமிருந்தே போன் வந்தது. "மூணு பறந்துருச்சு! என் கண்ணால பாத்தேன்" என்று வஹீதுன்னிசா அம்மா கத்தியது அடுப்படிவரை கேட்டது.

நாங்கள் போனபோது அந்த அம்மா மருந்து ஊசிக் குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, ஓட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். ஊறின மண்ணைச் சைக்கிள் கம்பி ஒன்றால் நோண்டி நோண்டி முபஷிர் வெளியே எடுத்தான். ஒரு கைப்பிடி வந்தது. வீக்கத்துக்குப் பற்றுப் போட நல்ல மண் என்று அந்த அம்மா அதைக் கொட்டாமல் காகிதத்தில் மடித்து உள்ளே கொண்டுபோனார். குழாயைத் துடைத்து, காற்றடிக்கிற பம்பால் ஊதி உலர்த்தினார்கள். நிகத்தும் வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் இப்போது களை வந்திருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காசை எடுத்தேன். கை வியர்த்திருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை தட்டுகிற கை.

மேலேயிருந்து ஆரம்பித்தேன். டக், டக். பாட்டில் மாட்டுகிற இடம், டக். அதற்குக் கீழே ஒரு சாண். என்னை அறியாமல் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கற்றுக்கொடுக்கிற காரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வலது காலால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

டக்.

சுற்றி வளைத்து எல்லாப் பக்கமும் தட்டினேன். டக், டக், டக். ஒரு இடத்தில்கூடச் சத்தம் மங்கவில்லை.

"என்ன சொல்லுது கயலு?"

"ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்குது." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை. "நல்ல சாமானா வாங்கியிருக்கீங்க."

"என்ன சொன்ன?"

"நல்ல சாமானா வாங்கியிருக்கீங்கன்னு சொன்னேன்."

இருபது வருஷத்தில் இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. இவர் சட்டென்று குனிந்து, நன்றாகக் காற்று இருந்த சக்கரத்தைக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். முன் சக்கரம், பின் சக்கரம், மறுபடி முன் சக்கரம். நிமிர்வதற்கு வெகுநேரம் ஆனது. "பிஸ்மில்லா சொல்லி ஏறுங்க" என்றார் வஹீதுன்னிசா அம்மா. இவரும் அப்படியே சொல்லி, அதோடு "முருகா" என்றும் சேர்த்துக்கொண்டு ஏறினார். சந்து முனையில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஆனாலும் கையை முழுசாக நீட்டி, பாடம் எடுக்கிற மாதிரி சைகை காட்டித்தான் திரும்பினார்.

ஆவணியில் என் தம்பி குமாரசாமி வீட்டுக் கல்யாணம் ராசிபுரத்தில் நடந்தது. பந்தியில் உட்கார்ந்ததும் சின்னம்மா பெரியநாயகி, "கயலு, அந்த எருமைக் கதையச் சொல்லு சாமி" என்று ஆரம்பித்துவிட்டார். பக்கத்து இலையில் இவர் ரசச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அது பழைய கதைங்க சின்னம்மா" என்றேன். "புதுசா ஒண்ணு இருக்குது. நல்ல சைக்கிளத் தட்டிப் பாத்துட்டு, கீறல் விட்டுப்போச்சுன்னு தீர்ப்புச் சொன்ன ஒரு முட்டைக்காரி கதை." முந்தானை முடிச்சிலிருந்து காசை எடுத்து இலை ஓரத்தில் தட்டித் தட்டி, என் தலைக்கனம் முதல் குளவி வரைக்கும் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். பந்தி சிரித்தது. மோர் ஊற்ற வந்தவர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் குளவி இரண்டு என்றபோது, "மூணு கயலு, மூணு பறந்துச்சு" என்று இவர் திருத்தினார். கதை முடிகிறவரை அந்த இடத்திலேயே உட்கார்ந்து, இலையில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். நடுவில் கை கழுவ எழுந்து போகவில்லை.